ஏர் பெட்: பம்ப் பாதி, வீட்டு ஆட்கள் பாதி

பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் போடும் அன்றைக்கு மருந்துச் சீட்டின் கடைசியில் ‘ஏர் பெட்’ என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். படுத்தே கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை அது. அந்தச் சீட்டோடு எதிரே இருக்கும் சர்ஜிகல் கடைக்குப் போனால், பெட்டியை எடுத்து நீட்டி, “இதைப் போட்டுட்டா புண்ணே வராதுங்க” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிய வீடுகளில்தான் பதினைந்தாம் நாள் வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து கிடக்கிறது. பொருள் மோசமில்லை. பம்ப் எந்த வேலையைச் செய்யும், வீட்டில் இருப்பவர்கள் எந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று பிரித்துச் சொல்லாமல் விற்கிறார்களே, அதுதான் கோளாறு.

இங்கே பார்ப்பது கடைகளில் அதிகம் விற்கும் குமிழ் வகை, ‘பபிள் பெட்’. ஏறத்தாழ ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். பிவிசி விரிப்பில் வரிசை வரிசையாக நூற்றுச் சொச்சம் குமிழ்கள், உப்பும்போது இரண்டரை அங்குல உயரம். கால்மாட்டில் இரண்டு டியூப்கள், அவற்றோடு செங்கல் அளவு பம்ப் ஒன்று. பெரும்பாலான கடைகளில் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். நீளநீள உருளைகளாக நாலைந்து அங்குலம் உயரும் டியூப் வகைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆள் 80 கிலோவைத் தாண்டினாலோ, ஏற்கெனவே புண் இருந்தாலோ, குமிழ் வகையில் பணத்தைப் போடாமல் டியூப் வகையை மாத வாடகைக்கு எடுங்கள். 120, 130 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது கிழியாமல் தாங்கும் எடை. அந்த எடையில் குமிழ் நசுங்கி, உடம்பு அடி மெத்தையைத் தொட்டுவிடும்.

வேலை செய்யும் விதம் எளிது. குமிழ்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கூட்டம் உப்பியிருக்கும்போது மற்றது தளரும். சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். உடம்பின் எந்த இடமும் மணிக்கணக்கில் ஒரே அழுத்தத்தில் இருக்காது, ரத்தம் போய்வர இடைவெளி கிடைக்கும். அவ்வளவுதான். உடம்பை அது புரட்டாது. ஈரத்தைத் துடைக்காது. குதிகாலைத் தூக்கிப் பிடிக்காது. கட்டிலில் கீழ்நோக்கிச் சரியும்போது தோல் இழுபடுவதைத் தடுக்காது. 2019-இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இப்படி மாறிமாறி உப்பும் மெத்தையிலும் தரமான ஃபோம் மெத்தையிலும் படுக்க வைத்து ஒப்பிட்டார்கள். புண் வருவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இரண்டு வகை மெத்தையில் படுத்தவர்களையும் நர்ஸ்கள் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? ராத்திரிக்காக. சாதாரண இலவம்பஞ்சு மெத்தையில் அசைவில்லாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், நள்ளிரவிலும்தான். ஏர் பெட் சரியாக ஓடி, காலையில் பார்க்கும்போது தோலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், இரவில் மட்டும் அந்த இடைவெளியை மூன்று மணி, பிறகு நான்கு மணி என்று மெதுவாக நீட்டலாம். பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ தொடர்ந்து மூன்றரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கொடுத்த காசுக்கு இந்தப் பொருள் தரும் உண்மையான பலன் இதுதான், அது சின்னப் பலனும் இல்லை. தூக்கம் கெட்டவர் மூன்றாவது வாரம் கைதவறி மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், எரிந்து விழுவார், பிறகு அதற்காக அழுவார். படுக்கையில் இருப்பவரின் தோல், பராமரிப்பவரின் தூக்கத்தைப் பொறுத்தே இருக்கிறது.

விரிப்பதில் நடக்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் படுக்கை விரித்த நாளிலேயே வீணாகிவிடுகிறது. குமிழ்ப் பக்கம் மேலே வர வேண்டும். குப்புறப் போட்டிருப்பது நினைப்பதைவிட அதிகம். டியூப் இருக்கும் முனை கால்மாட்டில். வெறும் இரும்புக் கட்டிலில் போடக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் மெத்தைக்கு மேல் விரித்து, இரண்டு முனைகளில் தொங்கும் மடிப்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். கயிற்றுக் கட்டிலும் நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையும் ஆகாது. பம்பைக் கால்மாட்டுச் சட்டத்தில் அதன் கொக்கியால் மாட்டுங்கள். தரையில் வைத்தால் துடைப்பத் தூசி உள்ளே போகும், போர்வைக்குள் போனால் சூடேறும். ஆளைப் படுக்க வைக்கும் முன் அரைமணி நேரம் ஓடவிட்டு, கூட்டம் மாறுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு. இது முக்கியம். ஈரமாகிவிடும் என்று பயந்து ரெக்ஸின் ஷீட், அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் இரண்டு அண்டர்பேட் என்று அடுக்கினால் குமிழ் ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டவே எட்டாது. ரெக்ஸின் வேர்வையையும் தேக்கும். பழைய வேட்டியோ, துவைத்துத் துவைத்து மெலிந்த கைத்தறிப் புடவையோ போதும், சுருக்கமில்லாமல். தூக்கும் நேரத்தில் மட்டும் அதைப்போல இன்னொன்றைத் தோளிலிருந்து தொடை வரை வரும்படி நாலாக மடித்துப் போட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மேலே ஏற்ற அதுவே உதவும். அக்குளில் கைகொடுத்துத் தரதரவென்று இழுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இழுக்கும்போதுதான் வால் எலும்பு மேல் இருக்கும் தோல் உள்ளேயே கிழிகிறது.

பம்பில் உள்ள திருகு, எடைக்கு ஏற்ப அழுத்தம் கூட்டவும் குறைக்கவும். கல்லு மாதிரி இருந்தால் நல்லது என்று கடைசி வரை திருகிவிடுகிறார்கள். அது பலகையில் படுப்பதற்குச் சமம். சரியான அளவைக் கையால்தான் பார்க்க வேண்டும்: ஆளை மல்லாத்திப் படுக்க வைத்து, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். விரலுக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் ஓரங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். எலும்பு நேராக விரலில் இடித்தால் அழுத்தம் போதவில்லை. தலைப்பக்கத்தைத் தூக்கி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்கும்போது எடை முழுக்க இடுப்பில் இறங்கும், அப்போதும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

உட்கார வைப்பதைப் பற்றி இன்னொன்று. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பவர்கள் புரையேறிவிடும் என்று நாளெல்லாம் தலையைத் தூக்கியே வைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்திலும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரமும் தூக்கி வைத்தால் போதும், மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு இறக்கிவிடலாம். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்த பிறகே தலையைத் தூக்குங்கள், சரிய மாட்டார்.

இனி புரட்டுவது. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு முட்டெலும்பில் புண் வரும். 30 டிகிரி சாய்வு போதும்: முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், ஒரு தாளை அடியில் நுழைத்தால் தடையில்லாமல் போக வேண்டும். ஏர் பெட் இருக்கிறதே என்று குதிகாலை விட்டுவிடும் வீடுகளில், முதுகு நன்றாக இருக்கும்போதே குதிகால் கறுத்துவிடுகிறது. ஒருவர் மட்டும் இருந்தால், எந்தப் பக்கம் புரட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். பக்கவாதக்காரர் என்றால் விழுந்துபோன கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவும். கட்டிலின் உயரம் உங்கள் இடுப்பளவு வரும்படி கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை கொடுப்பது உங்கள் முதுகைக் காப்பாற்றும். ஏர் பெட்டின் ஓரம் வழுக்கும். புரட்டிவிட்டு அந்தப் பக்கத் தடுப்பை ஏற்றாமல் நகராதீர்கள்.

ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அழுத்தத்திலிருந்து விடுபட்ட பக்கத்தைப் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, காது மடல். புத்தகங்களில் ‘சிவந்து போகும்’ என்று எழுதியிருக்கும். நம் தோலில் அப்படிப் பளிச்சென்று சிவப்பு தெரியாது, கருநீலமாகவோ சுற்றுத் தோலைவிடக் கறுத்தோ தெரியும். அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அது தொடக்கம். பெருவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்ப வந்தால் தப்பித்தீர்கள், மாறாமல் அப்படியே நின்றால் அந்தப் பக்கம் இனி அவரைப் படுக்க வைக்காதீர்கள். அந்த இடத்தைத் தேய்த்து எண்ணெய் போடுவது பாசத்தில் செய்யும் காரியம்தான், ஆனால் உள்ளே நசுங்கிய சதையை இன்னும் நசுக்கும். உட்காரும் ரப்பர் வளையமும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம், வளையத்தின் விளிம்பில் ரத்த ஓட்டம் தடைப்படும். தோல் பிய்ந்துவிட்டால் மஞ்சள்தூளோ பவுடரோ நீங்களாக எதையும் போடாமல் நர்ஸை அழையுங்கள். கருப்புப் பொருக்கு, நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே டாக்டர்.

ஈரமும் சாப்பாடும் இதற்கு இணையாக முக்கியம். டயப்பர் கனக்கும்வரை காத்திருக்கக் கூடாது, மலம் போனால் உடனே மாற்றிக் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவ வேண்டும். படுத்தவருக்கு என்ன பசி என்று வெறும் கஞ்சித் தண்ணீராகவே கொடுக்கிறார்கள். புண் வரும் அபாயத்தில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் கிராம் புரதமாவது தேவை, 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறேழு கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு, பால், தயிர், மீன், பொட்டுக்கடலை மாவு என்று நாள் முழுக்கப் பிரித்துத் தர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரே ஆள் செய்ய முடியுமா? முடியாது. பகலில் ஆறேழு தடவை, இரவில் இரண்டு தடவை புரட்டல், மூன்று வேளைச் சாப்பாடு, நாலைந்து டயப்பர், துவைப்பு. கையேட்டில் யாரும் எழுதாத உதிரிப்பாகம் என்றால் அது வீட்டு ஆட்களின் முறைதான். கட்டில் கால்மாட்டில் 40 பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நேரம், பக்கம், தோல், யார் என்று நாலு கட்டம். பக்கத்துக்கு இ, வ, ம என்று ஓரெழுத்து போதும், இடது, வலது, மல்லாந்து. பகலுக்கு வரும் அட்டெண்டர் புரட்டியிருப்பார் என்று மருமகளும், மருமகள் புரட்டியிருப்பார் என்று மகனும் நினைத்துக்கொண்ட இடத்தில்தான் ஐந்து மணி நேரம் காணாமல் போகிறது. நோட்டு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்த ஆள் வந்து நின்றதும் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், அதற்காக.

இரவு பத்து மணி முறையை மகன் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மாற்றத்திலேயே வீட்டின் நிலைமை மாறும். மருமகள் ஒன்பதரைக்குப் படுத்து ஒன்றரைக்கு எழலாம். ஆண்கள் மருந்து வாங்குவது, டாக்டரிடம் பேசுவது என்று வெளிவேலையை எடுத்துக்கொண்டு, ஈரத்துணியையும் ராத்திரியையும் பெண்களிடம் விட்டுவிடுவது நம் வீடுகளில் பழகிப்போன பங்கீடு. அது நீண்ட நாள் தாங்காது. வெளியூரில், துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் தினம் வீடியோ காலில் “டயப்பர் மாத்தினீங்களா” என்று விசாரிப்பதால் பலனில்லை. வாரத்தில் இரண்டு இரவுக்கு அட்டெண்டர் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளட்டும். வருஷ விடுமுறையை மொத்தமாக வைத்துக்கொண்டு கடைசியில் ஓடிவருவதைவிட, நாலு நாள் நாலு நாளாக வந்து முறையை எடுத்துக்கொண்டால், அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கி வரலாம்.

அக்கம்பக்கத்தினர் வாசலில் நின்று, “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்பார்கள். மனசோடுதான் சொல்கிறார்கள், என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியாது. “பரவால்ல அக்கா” என்று அனுப்பிவிடாதீர்கள். “அக்கா, சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து விரிப்புல ஒரு பக்கம் பிடிச்சீங்கன்னா போதும், அஞ்சு நிமிஷ வேலை” என்று நேரத்தோடு கேளுங்கள். பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்து கட்டிலைச் சுற்றி நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவதைவிட, “நான் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருக்கேன், நீ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாம்மா” என்று சொன்னால் அது வைத்தியத்தில் சேரும். படுத்திருப்பவருக்கும் பேச்சுத்துணை வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறார்.

கேரளத்தில் இதை ஊர்ப் பழக்கமாகவே ஆக்கிக்காட்டினார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை (வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) முயற்சி, மலப்புரம் போன்ற மாவட்டங்களில் பக்கத்து வீட்டுத் தொண்டர்கள் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்தது. 2008-இல் மாநில அரசு அதற்குக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள். நர்ஸ் வரும் நாளில் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பாதீர்கள். விரிப்பை விலக்கி வால் எலும்பையும் குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் புரட்டுவது சரியா என்று அவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள்.

யாருக்கு ஏர் பெட் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். தானே புரண்டு, கையூன்றி எழுந்து உட்காரக்கூடியவருக்கு இது தொல்லை. கையை ஊன்றினால் அமுங்கும், எழ முடியாமல் மெல்ல மெல்லப் படுத்தே பழகிவிடுவார். அவருக்கு நல்ல ஃபோம் மெத்தையும், மணிக்கொருமுறை எழுப்பி நடத்தும் துணையும் போதும். முதுகெலும்பு முறிந்து இன்னும் சேராதவருக்கு டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

பழுதுகள் பெரும்பாலும் சில்லறைதான். வளையல், ஊக்கு, ஊசி முனை பட்டு ஓட்டை விழும். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும், பெட்டியில் வரும் ஒட்டுத்துண்டை நன்றாகக் காய்ந்த பரப்பில் ஒட்டுங்கள். டியூப் கட்டில் காலில் மடங்கியிருக்கும், அதை முதலில் பாருங்கள். கரண்ட் போனால் பம்ப் நின்று காற்று இறங்க ஆரம்பிக்கும். இரண்டு டியூபையும் பம்பிலிருந்து கழற்றி, முனையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் சிறிது நேரம் காற்று இறங்காமல் இருக்கும். அந்த நேரத்தில் பழையபடி இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும். பம்ப் பத்து வாட்டுக்குள்தான் இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டரே போதும், அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போட எலக்ட்ரீஷியனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர், காய வைக்க நிழல். வெயிலில் போட்டால் பிவிசி விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

பரணில் சும்மா கிடக்கும் ஏர் பெட் பல வீடுகளில் உண்டு. தெரிந்தவர் யாராவது கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், விரிப்பு நன்றாக இருந்தால் பம்பை மட்டும் சோதித்தால் போதும். டியூபைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, துளைக்கு ஒன்றாக இரண்டு துளையிலும் விரலை வையுங்கள். ஒன்றில் மட்டும் காற்று தள்ள வேண்டும். அப்படியே கால்மணி நேரம் காத்திருங்கள், காற்று அடுத்த துளைக்கு மாற வேண்டும். மாறவே இல்லை என்றாலோ, இரண்டிலும் மூச்சு விடுவது போல லேசாக வந்தாலோ, உள்ளே ரப்பர் போயிருக்கிறது. பம்பைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், டியூப் முனை பொருந்துகிறதா என்று பார்க்க பழைய பம்பையும் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். கொடுத்தவரிடம் இன்னொன்றும் கேட்டு வாருங்கள்: அவர் வீட்டில் ராத்திரி முறையை யார் யார் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று.